பிஞ்சில் பறித்த காய்

சந்தையில் சுரைக்காய் எடுக்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களின் கட்டைவிரல் நகம் தானாகத் தோலில் இறங்கிவிடும். நகம் பதிந்தால் பிஞ்சு, பைக்குள் போகும். வழுக்கினால் முற்றல், குவியலுக்கே திரும்பும். கடைக்காரர் முறைப்பார், இரண்டு வார்த்தை சொல்வார், அதற்குள் நகம் அடுத்த காய்க்குப் போயிருக்கும். வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பதும் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதும் இதே பரீட்சைதான்.

அதே கை, சூப்பர் மார்க்கெட்டில் கரும்பச்சையாகப் பளபளக்கும் சுக்கினியிடம் வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறது. பார்க்க வெள்ளரி போல இருக்கிறது, வெள்ளரி இல்லை. பீர்க்கங்காய் என்றால் மேலே வரியைக் காணோம். கொடுக்கிற காசுக்குப் பெரிதாகவாவது இருக்கட்டும் என்று ஆகப் பெரியதை எடுத்துப் போடுகிறோம். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

சுக்கினியில் என்ன சத்து இருக்கிறது, எது இல்லை, ஃபிரிட்ஜில் வைத்தால் தோலில் ஏன் குழி விழுகிறது, பரங்கிக்காய் மாதிரி மாதக்கணக்கில் பரணில் கிடக்க அதனால் ஏன் முடியவில்லை? பெரும்பாலானவற்றுக்குப் பதில் ஒன்றுதான்: அது பிஞ்சு. பூவுக்கும் காய்க்கும் நடுவில் இப்படித் தனியாக ஒரு சொல் தமிழில் இருப்பது இந்தக் கட்டுரைக்குப் பெரிய வசதி.

அதன் பெயரும் அதையேதான் சொல்கிறது. இத்தாலிய மொழியில் ஸுக்கா என்றால் பூசணி. ஸுக்கினி என்றால் குட்டிப் பூசணிகள். பிரெஞ்சில் கூர்ஜ் பூசணி, கூர்ஜெட் குட்டிப் பூசணி. பிரிட்டிஷ்காரர்கள் பிரெஞ்சுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள், தங்கள் நாட்டுக்குக் குடிவந்த இத்தாலியர்களிடமிருந்து இத்தாலியப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். லண்டன் தமிழர் வீட்டில் கோர்ஜெட், சென்னையில் சுக்கினி. அகராதி பிடித்தவர்கள் சீமைச் சுரைக்காய் என்பார்கள். அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்பு ஐரோப்பியர்களுக்குத் தெரிந்த குடுவைக்காய் சுரைக்காய்தான். லத்தீனில் குக்குர்பிட்டா என்ற சொல் முதலில் சுரைக்காயையே குறித்தது. கடல் கடந்து புதுக் காய்கள் வந்து சேர்ந்தபோது, சுரைக்காயின் பெயர்களை எடுத்து அவற்றுக்குச் சூட்டிவிட்டார்கள்.

செடியின் பூர்வீகம் மெக்சிகோ. ஒஹாகா மாநிலத்தின் கீலா நாகிட்ஸ் குகையில் 1966இல் கென்ட் ஃபிளானரி அகழ்ந்தெடுத்த விதைகளை, புரூஸ் ஸ்மித் என்ற தொல்லியலாளர் பின்னர் கார்பன் முறையில் கணித்து 1997இல் வெளியிட்டார். வயது சுமார் 10,000 ஆண்டுகள். அமெரிக்கக் கண்டத்தின் மக்காச்சோளத்துக்கும் மூத்த பயிர் இது. அன்றைய மக்கள் இதன் சதையைத் தின்றிருக்க மாட்டார்கள், விதைக்காகத்தான் வளர்த்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. காட்டுப் பூசணியின் சதை அவ்வளவு கசப்பு. இந்தக் கசப்பு கட்டுரையின் கடைசியில் திரும்பி வரும். அதுவரை நினைவில் இருக்கட்டும்.

இன்று நாம் பார்க்கும் நீளமான, சீரான உருளை வடிவச் சுக்கினி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் மிலான் பக்கம் உருவானது. அதாவது செடிக்கு 10,000 வயது, காய்க்கு ஒன்றரை நூற்றாண்டுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். பிரிட்டனில் இதே இனத்தை முற்றவிட்டு, 'மேரோ' என்ற பெயரில் கொழகொழவென்று வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பிஞ்சிலேயே பறித்தால் ருசி என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், 1950களில் மத்தியதரைக்கடல் சமையலைப் பற்றி எழுதிய எலிசபெத் டேவிட். மேரோ மோகம் அங்கே இன்னும் தீரவில்லை. கண்காட்சிப் போட்டிகளில் நூறு கிலோவைத் தாண்டிய மேரோக்கள் வந்திருக்கின்றன. தின்பதற்கல்ல, நிறுத்துப் பார்ப்பதற்கு.

செடியில் நடப்பதைப் பார்ப்போம். விடியற்காலையில் பெண் பூ விரிகிறது, நண்பகலுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குள் தேனீ வந்து போயிருந்தால், பூவின் அடியில் விரல் போல இருக்கும் பிஞ்சு பெருக்கத் தொடங்குகிறது. வெயிலும் நீரும் சரியாக இருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளும். பூத்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஒரு சாண் நீளத்தில் பறித்துவிடுவார்கள். சில நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய தோட்டக்காரரை, செடியின் இலைகளுக்கடியில் கை நீளக் காய் ஒன்று வரவேற்கும்.

பறிக்கும்போது விதை இன்னும் வெள்ளையாக, பல்லுக்குத் தட்டுப்படாத மென்மையோடு இருக்கிறது. அடுத்த தலைமுறைக்கென்று செடி மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் வேலையே தொடங்கவில்லை. தோலுக்கு மரத்தன்மை ஏறவில்லை. இந்தக் கட்டத்தில் நாம் தின்பது, தண்ணீரால் உப்பிக்கொண்டிருக்கும் இளம் செல்களை.

சத்து அட்டவணையை இந்தக் கண்ணோடு படித்தால்தான் அது அர்த்தப்படும். இல்லாவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்தான். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, தோலோடு கூடிய 100 கிராம் பச்சைச் சுக்கினியில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர். மீதி 5 கிராமில்தான் மற்ற எல்லாம். கலோரி 17. மாவுப்பொருள் 3 கிராம், புரதம் 1.2 கிராம், நார்ச்சத்து வெறும் 1 கிராம். நார்ச்சத்து நிறைந்த காய் என்று விளம்பரத்தில் படித்தால் இந்தக் கடைசி எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

பொட்டாசியத்தில்தான் சுக்கினிக்குப் பெருமை. 100 கிராமில் 261 மில்லிகிராம். சோடியமோ 8 மில்லிகிராம்தான். வாழைப்பழத்தில் பொட்டாசியம் 358 மில்லிகிராம் இருந்தாலும், கூடவே 89 கலோரி வருகிறது. ஒரே அளவு கலோரிக்கு எவ்வளவு பொட்டாசியம் என்று கணக்குப் போட்டால் சுக்கினி கிட்டத்தட்ட நாலு மடங்கு தருகிறது. வைட்டமின் சி 18 மில்லிகிராம். 200 கிராம் எடையுள்ள ஒரு காயைப் பச்சையாகத் தின்றால் 36 மில்லிகிராம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 65 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. கொய்யாவின் முன்னால் இது நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிஞ்சுக்கும் முற்றலுக்கும் உள்ள தூரம் வைட்டமின் ஏ வரிசையில் பளிச்சென்று தெரியும். பழுத்த பரங்கியின் மஞ்சள் சதையில் 100 கிராமுக்கு 426 மைக்ரோகிராம், சுக்கினியில் 10. பரங்கி பல வாரம் கொடியிலேயே கிடந்து கரோட்டின் சேர்த்தது. சுக்கினிக்கு நாம் அந்த அவகாசத்தைத் தரவில்லை. ஆனால் பச்சை நிறத்தோடு சேர்ந்து வரும் லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற இரண்டு நிறமிகள் சுக்கினியில் 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கின்றன. நம் விழித்திரையின் நடுப்புள்ளியில் படிந்திருப்பவை இவையே. பாலக் கீரையில் இதைப்போல ஐந்தாறு மடங்கு உண்டு என்றாலும், காய்களின் கூட்டத்தில் இது மோசமில்லை. அதில் பெரும்பங்கு கரும்பச்சைத் தோலில் இருக்கிறது. தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளிருக்கும் வெள்ளைச் சதையை மட்டும் சமைப்பவர், காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியவர். இந்த நிறமிகள் கொழுப்பில் கரைபவை. தாளிக்கிற ஒரு கரண்டி எண்ணெய் இங்கே ருசிக்கு மட்டுமல்ல.

சுக்கினியை நூல் நூலாகச் சீவி நூடுல்ஸுக்குப் பதிலாகத் தின்னும் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகவைத்த ஸ்பகெட்டி 100 கிராமுக்கு 158 கலோரி, இது 17. எடை குறைக்க நினைப்பவருக்கு அந்தக் கணக்கு சரிதான். ஸ்பகெட்டியில் ஆறு கிராம் அளவுக்குப் புரதமும் இருந்தது என்பதை மறந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தால் கணக்கு உதைக்கும். மற்றபடி சர்க்கரையைக் குணமாக்கும், மூட்டுவலியைப் போக்கும் என்று சுக்கினியை மருந்தாக்க இந்த எண்களில் இடமில்லை. நல்ல காய், லேசான காய். அவ்வளவுதான்.

இனி சேமிப்பு. விஷயம் சுவாரசியமாவது இங்கேதான்.

பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது; தன்னிடமிருக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையை எரிக்கிறது; வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றுகிறது. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த பிஞ்சு என்பதால் இதன் மூச்சும் வேகம். முற்றிய பரங்கி அப்படியல்ல. வளர்ச்சி முடிந்து, மேலோடு இறுகி, விதையைக் காத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விடுகிறது. காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். சுரைக்காய் இன்னும் ஒரு படி மேலே போகும். முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு வைத்தார்கள். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார்கள். ஒரே குடும்பத்துக் காய்கள். ஒன்றின் ஓடு பாத்திரமாகிறது, இன்னொன்றின் தோலில் நகம் பட்டாலே அங்கே அழுகல் தொடங்குகிறது. (ஆகவே நகப் பரீட்சையைச் சுக்கினியில் செய்கிறவர்கள், கீறிய காயைத் தாங்களே வாங்கிக்கொள்வதுதான் நியாயம்.)

அப்படியானால் குளிரில் வைத்து அந்த மூச்சை அடக்கிவிடலாமே? வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் காயின் சுவாசம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கும் என்பது உண்மைதான். கேரட்டையும் முட்டைக்கோசையும் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சுக்கினியிடம் இந்த வித்தை பலிக்காது. மெக்சிகோவின் வெப்பத்தில் பிறந்த இனம் அது. ஐந்து டிகிரிக்குக் கீழே ஓரிரு நாளுக்கு மேல் வைத்தால் காயம்படுகிறது. உறைந்து போவதால் வரும் காயமல்ல இது. உறைநிலைக்கு எவ்வளவோ மேலேயே, வெறும் குளிரால் வருகிற காயம்.

காரணத்தை விளங்கிக்கொள்ள மார்கழி மாதத்துக் குளியலறை போதும். அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாகக் கட்டியாகி நிற்கும். சமையலறையில் நல்லெண்ணெய் கெட்டியாகாமல் ஊற்றினால் ஊற்றும். இரண்டும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் வளைவில்லாத குச்சிகள் போன்றவை. கொஞ்சம் குளிர்ந்தாலும் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. நல்லெண்ணெயின் அமிலங்களில் ஆங்காங்கே வளைவு இருக்கிறது, அடுக்க வராது. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது. குளிர்நாட்டுப் பயிர்களின் சவ்வில் வளைந்த கொழுப்பு தாராளம். குளிரிலும் அது இளகி இருக்கும். வெப்பநாட்டுக் காயின் சவ்வு சீக்கிரம் விறைத்துவிடுகிறது. விறைத்த சவ்வு கசியும். உள்ளே இருக்க வேண்டிய உப்புகளும் நீரும் வெளியே வருகின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர மூலக்கூறுகள் பெருகி மேலும் சேதம் செய்கின்றன, செல்கள் சரிந்து தோலில் குழி விழுகிறது.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும்வரை காய் பார்வைக்குச் சும்மா இருப்பது போலவே இருக்கும். வெளியே எடுத்துச் சமையல் மேடையில் வைத்த மறுநாள்தான் குழிகள் வரிசையாகத் தெரியும், குழியில் பூஞ்சணம் குடியேறும். எங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தபோது, பழைய காயைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரைத்தான் திட்டினேன். குளிர்காற்று வரும் துளைக்கு நேரே, மேல் தட்டின் பின்பக்கத்தில் ஐந்து நாள் அதைத் தள்ளிவைத்தது நான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தை ஆராய்பவர்கள் இதற்குச் சொல்லும் வெப்பநிலை 5 முதல் 10 டிகிரி. காற்றில் ஈரப்பதம் 95 சதவீதம். அப்படி வைத்தாலும் பத்து நாளைத் தாண்டினால் தரம் இறங்கும் என்கிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜ் பொதுவாக 4 டிகிரியில் ஓடுகிறது. ஆகவே குளிர் குறைவான இடம் பார்க்க வேண்டும்: அடியிலிருக்கும் காய்கறி டிராயர் அல்லது கதவுத் தட்டு. கழுவாமல், ஈரமில்லாமல், மெல்லிய துணியிலோ காகிதத்திலோ சுற்றி, நாலைந்து துளையிட்ட பையில் போட்டு வையுங்கள். பை இல்லாவிட்டால் வாடும். இறுக்கிக் கட்டிய பையானால் காயின் மூச்சே உள்ளுக்குள் வியர்வையாகி அழுக வைக்கும். காம்பை ஒட்ட நறுக்க வேண்டாம், ஒரு அங்குலம் இருக்கட்டும். ஆப்பிள், பழுத்த வாழை, தக்காளி பக்கத்தில் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு பச்சைத் தோலை மஞ்சளாக்கும். இத்தனையும் செய்தாலும் நாலைந்து நாளில் சமைத்துவிடுவதே உத்தமம்.

ஃபிரிட்ஜே வேண்டாம் என்பவர்களுக்கு, டெல்லி பூசா வளாகத்து விஞ்ஞானிகள் 1980களில் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர் அறை ஒன்று உண்டு. இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் ஈர மணல்; மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். வறண்ட காற்று வீசும் ஊரில் வெளிவெப்பத்தைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைக்கும். சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

சேமிக்க முடியாத காய் என்றால் ஒரு நாட்டுக்கே என்ன ஆகும் என்பதை 2017 ஜனவரியில் பிரிட்டன் பார்த்தது. குளிர்காலத்தில் அங்கே சுக்கினி விளையாது. கோடையில் விளைந்ததைச் சேர்த்து வைக்கவும் முடியாது. அதனால் ஸ்பெயினின் தென்கிழக்கில், அல்மேரியாவைச் சுற்றிச் சுமார் 30,000 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் பிளாஸ்டிக் கூடாரங்களை நம்பியிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஸ்பெயினில் வெள்ளமும் முர்சியா பகுதியில் பனியும் சேர்ந்து வர, லண்டன் கடைகளின் கோர்ஜெட் தட்டுகள் காலியாயின. உருளைக்கிழங்குக்கு இப்படி ஒரு செய்தி வந்திருக்காது; கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கும். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2012, 2013இல் அதே ஸ்பானியச் சுக்கினித் தோட்டங்களை ஒரு வைரஸ் சூறையாடியது. வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரஸ் முதலில் இந்தியத் தக்காளியில் கண்டறியப்பட்டது. அதன் பெயரிலேயே புது டெல்லி இருக்கிறது.

நிறைய வாங்கிவிட்டால் என்ன செய்வது? ஃப்ரீசரில் வைக்கலாம், ஆனால் அப்படியே தூக்கிப் போடக் கூடாது. வட்டமாக நறுக்கிக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, உடனே பனிக்கட்டி நீரில் குளிரவைத்து, ஈரம் துடைத்து வைத்தால், நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் அடங்கிவிடும். தண்ணீரே 95 பங்கான காய் என்பதால் உள்ளே பனி ஊசிகள் செல்லைக் கிழிப்பதைத் தடுக்க வழியில்லை. உருகியதும் துவண்டு போகும், பொரியலுக்கு ஆகாது. துருவி ஆவியில் ஓரிரு நிமிடம் காட்டி உறைய வைத்து, அடை மாவில் கலந்து ஊற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெற்கு இத்தாலியில் நறுக்கி வெயிலில் உலர்த்துகிறார்கள், நம் வற்றல் மாதிரியே. நேப்பிள்ஸில் வறுத்து வினிகரும் புதினாவும் சேர்த்து ஊறவைக்கும் ஸ்காபேச்சே இன்னொரு வழி. வெறும் தண்ணீரில் போட்டுப் புட்டியில் அடைப்பது மட்டும் வேண்டாம். புளிப்பில்லாத காய், காற்றில்லாத புட்டி என்றால் பாட்டுலிசம் கிருமிக்கு அழைப்பு வைத்தது போல. அமெரிக்க வேளாண் துறையே, தான் முன்பு கொடுத்திருந்த புட்டியடைப்பு முறையைச் சுக்கினி வகைக்குப் பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அன்றாடச் சமையலுக்குக் கூட்டுதான் என் தேர்வு. வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து ஓடும். வடித்துக் கொட்டினால் போயிற்று. பாசிப்பருப்போடு வெந்தால் கரைந்தது குழம்பிலேயே தங்கும், இல்லாத புரதமும் சேரும். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் காய் அழுதுவிடும்.

சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து கசப்பு இங்கே வருகிறது. காட்டுப் பூசணியின் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு. பூச்சியும் விலங்கும் தின்னாமல் காக்கச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. ஆயிரமாயிரம் ஆண்டுத் தேர்வில் மனிதன் அதை நீக்கினான். நம் முன்னோர் கசக்கும் காட்டுறவுகளைப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று பெயரிலேயே ஒதுக்கி வைத்தார்கள். வேதியியல் தெரியாமல் வைத்த பெயர்கள் என்றாலும் எச்சரிக்கை துல்லியம்.

நீக்கிய பேய் சில சமயம் திரும்பும். அழகுக்கு வளர்க்கும் சின்னச்சின்ன வண்ணப் பூசணிகள் பலவும் சுக்கினியின் சொந்த இனம். தேனீ அங்கிருந்து இங்கே மகரந்தம் கொண்டுவந்தால் இந்த ஆண்டுக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அந்தக் காயின் விதையை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தால், பார்க்கச் சுக்கினியாகவும் தின்னக் காட்டுக்காயாகவும் ஒன்று விளையலாம். ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015இல் ஒரு முதியவர், அண்டை வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துத் தின்று இறந்துபோனார். இந்தியாவில் கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து மரணங்கள் நேர்ந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. 2012இல் வெளியான அதன் அறிக்கை, கசந்தால் குடிக்கவே கூடாது என்றது. வாந்தி, ரத்தப்போக்கோடு கூடிய வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்தச் சரிவு என்று போகும் இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது.

பாகற்காய் தின்று பழகிய நமக்கு, கசப்பென்றால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சுக்கினியிடமும் சுரைக்காயிடமும் வெள்ளரியிடமும் அந்த நம்பிக்கை வேண்டாம். மாடித் தோட்டம் போடுகிறவர்கள் விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்குங்கள். நாக்கில் வைத்த துண்டு கசந்தால் துப்பிவிடுங்கள். சமைத்த பிறகுதான் தெரிந்தது என்றால், பருப்பும் தேங்காயும் வீணாகிறதே என்று பார்க்காமல் கூட்டு முழுவதையும் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.